ஒதுங்கி நின்ற அக்கா

அக்காவோடு பஸ்ஸில் போவதைவிட நடந்தே போய்விடலாம் என்று எனக்குப் பல நாள் தோன்றியிருக்கிறது. லோதி ரோடு ஆபீஸ் விட்டு மோதி பாக் பஸ் ஏறினால், முண்டியடித்து உள்ளே போய், லேடீஸ் சீட்டில் உட்கார்ந்திருக்கும் தடியன்களை இந்தியில் நாலு வார்த்தை சொல்லி எழுப்பி இடம் பிடிப்பது என் வேலை. பிடித்த இடத்தை அடுத்த ஸ்டாப்பில் யாருக்காவது கொடுத்துவிடுவது அவள் வேலை. தன் இடத்தை மட்டும் கொடுத்தால் போகட்டும் என்று விடலாம். மூட்டையும் முடிச்சுமாக ஒரு அம்மாளும் மருமகளும் ஏறினால், "நீயும் எந்திரிடி, ரெண்டு பேரும் சேர்ந்து உக்காரட்டும்" என்று என் இடத்தையும் சேர்த்துத் தாரை வார்த்துவிடுவாள்.

என் திருநெல்வேலித் தமிழ் அந்த பஸ்ஸில் யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில் கம்பியில் தொங்கிக்கொண்டே கத்துவேன். "யக்கா, உங்க இடத்தை நீங்க குடுங்க, யாரு வேண்டாங்கா? என் இடத்தை எதுக்குக் குடுக்கீய?"

"பாவம்டி. நாம இறங்கப் போறோம்ல?" என்பாள். இறங்குவதற்கு இன்னும் பாதி டெல்லி பாக்கி இருக்கும்.

ஒல்லியான தேகம். காலியான வராந்தாவில்கூடச் சுவரோரமாகத்தான் நடப்பாள். நாற்காலியின் நுனியில் உட்காருவாள், யாரோ வந்து கேட்டால் உடனே எழுந்துவிடுவதற்குத் தோதாக. அவளைப் பற்றி யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷி என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது யாராவது அந்த வார்த்தையைச் சொன்னால் எனக்குச் சுர்ரென்று வருகிறது.

ஆபீஸில் அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி அவள் கணவருடையது. அவர் மஞ்சள் காமாலையில் போனபோது பெண் குழந்தை அப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்க ஆரம்பித்திருந்தது. கருணை அடிப்படையில் இவளுக்கு வேலை கொடுத்தார்கள். திருச்சியிலிருந்து அவளுடைய அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் அவர்களுக்குக் குழந்தை இல்லை. "நீ வேலையில காலூன்று. ஒரு வருஷம் குழந்தையை நாங்க பாத்துக்கறோம்" என்று தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த ஒரு வருஷம் முடியவே இல்லை.

"என் சீட்டு இல்லடி இது. அவர் விட்டுட்டுப் போனது. நான் பாத்துக்கிட்டு இருக்கேன், அவ்வளவுதான்" என்று ஒரு நாள் டீ குடிக்கும்போது சொன்னாள். நான் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனுக்குப் புதிதாக வந்திருந்த சமயம். ஏதோ துக்கத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் மனதார நம்பியது அதைத்தான் என்று எனக்குத் தெரிய நாளாயிற்று.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. பயிற்சிக்கு ஆள் அனுப்பச் சொன்னதும் எல்லோருக்கும் முதுகுவலியும் நெஞ்சுவலியும் வந்துவிட்டன. மறுக்கத் தெரியாத ஒரே ஆளின் பெயரை எழுதி அனுப்பினார்கள். அக்கா போய்க் கற்றுக்கொண்டு வந்து, மெஷின்களையெல்லாம் வயரால் இணைக்கும் வேலைக்குப் பொறுப்பானாள். பெரிய கெட்டிக்காரி என்று சொல்ல மாட்டேன். கோளாறு கொஞ்சம் பெரிதானால் நேரு பிளேஸிலிருந்து கம்பெனி இன்ஜினியர் வந்தாக வேண்டும். ஆனால் யார் எப்போது கூப்பிட்டாலும், பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு மாடிப்படி ஏறிவிடுவாள்.

ஒவ்வொரு மேஜையிலிருந்தும் வரும் வயர்கள் போய்ச் சேரும் டப்பாவுக்கு ஸ்விட்ச் என்று பெயர். வரிசையாக ஓட்டைகள் இருக்கும், ஓட்டைக்கு ஒரு விளக்கு மினுக்கும். முதலில் ஒரு டப்பா போதுமானதாக இருந்தது. மெஷின்கள் பெருகப் பெருக இரண்டாவது வந்தது, பிறகு மூன்றாவது. எல்லாவற்றையும் ஒரு இரும்பு ரேக்கில் அடுக்கி, ஏசி இருந்த ஒரே காரணத்துக்காக எங்கள் அறையில், என் மேஜைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அக்காவின் மேஜையும் அங்கேயே வந்தது.

ஒரு டப்பாவை இன்னொன்றோடு சேர்ப்பதற்குக் கடைசியில் தனியாக ஒரு ஓட்டை இருந்தது. அந்தக் காலத்து டப்பாக்களில் ஒரு கோளாறான ஏற்பாடு. அந்தக் கடைசி ஓட்டையும் அதற்குப் பக்கத்து ஓட்டையும் உள்ளே ஒரே வழி. கடைசியில் வயர் செருகினால் பக்கத்தைக் காலியாக விட வேண்டும். இரண்டிலும் செருகினால் இரண்டும் படுத்துவிடும். முதல் தடவை இரண்டு டப்பாக்களைச் சேர்த்தபோது, பக்கத்து ஓட்டையில் இருந்தது டெஸ்பாட்ச் செக்‌ஷன் வயர். அக்கா அதைப் பிடுங்கித் தன்னுடைய ஓட்டையில் போட்டாள். தன் வயரைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு ரேக்கின் பின்னால் தொங்கவிட்டாள்.

"புது டப்பால இவ்வளவு இடம் இருக்கே, அதுல ஒண்ணை எடுத்துக்கிட்டா என்ன?" என்றேன்.

"மேல ரெண்டு ஸ்டெனோ புதுசா வர்றாங்களாம்டி. அவங்களுக்கு வேணும்ல?"

ஸ்டெனோக்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வேறு யாரோ வந்தார்கள். ஆபீஸ் முழுவதையும் இணைத்துவிட்டு, தன் மெஷினை மட்டும் தனியாக வைத்துக்கொண்டு, மத்தியானம் நான் சாப்பிடப் போகும் நேரத்தில் என் மெஷினில் உட்கார்ந்து தன் வேலையைப் பார்த்தாள். அதிலும் நான் வருவதற்குள் எழுந்து, நாற்காலியை எனக்கு வாகாகத் திருப்பி வைத்திருப்பாள்.

சம்பளப் பட்டியல் போடும் ஒரு மாதக் கடைசியில் இரண்டாம் மாடி முழுக்க நின்றுபோயிற்று. "மேடம்ஜி, ஜல்தி ஆயியே!" என்று அக்காவை அவசரமாகக் கூப்பிட்டு வராந்தாவில் ஒரே கூச்சல். அக்கா மேலும் கீழும் ஓடினாள். கடைசியில் பார்த்தால், பில் செக்‌ஷன் சர்மாஜி தன் புது மெஷினின் வயரை எவரையும் கேட்காமல் அந்தக் காலி ஓட்டையில் செருகியிருக்கிறார். "காலி தா மேடம்ஜி, லகா தியா" என்று பல்லைக் காட்டினார். காலியாக இருந்ததாம், செருகிவிட்டாராம். டைரக்டர் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து, யார் செய்த வேலை என்று கேட்டார். "என் தப்புதான் சார்" என்று அக்கா ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள். அவர் அவளைத் திட்டிய திட்டை இங்கே எழுத எனக்கு மனசில்லை. சர்மாஜி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலமே அவருக்கு ஒரு ஓட்டை கிடைத்தது. மூன்றாவது டப்பாவில் நான் சண்டை போட்டு அக்காவுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த ஓட்டை அது.

ஏழாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறைக்கு அக்காவின் பெண்ணை அண்ணன் டெல்லிக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். அதுவரை வருஷத்துக்கு ஒரு தடவை அக்காதான் திருச்சிக்குப் போய்ப் பார்த்து வருவாள். அந்தப் பெண்ணுக்கு அண்ணிதான் 'அம்மா'. இவள் 'டெல்லி அம்மா'. துருதுருவென்று, எதையும் பட்டென்று கேட்கிற வாய். முதல் நாளே எனக்குப் பிடித்துப்போயிற்று. எங்கள் குவார்ட்டர்ஸ் பின்வரிசையில் என்பதால் பாதி நேரம் என் வீட்டில்தான் இருப்பாள், என்னை சித்தி என்பாள்.

முதல் வாரம் அக்கா அவளிடம் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்தால் வயிறு எரியும். கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தாள். "தலை வாரிவிடட்டுமா?" என்று கேட்டாள். பெற்ற பெண்ணிடம் யாராவது அனுமதி கேட்பார்களா? அந்தப் பெண்ணும் சங்கடத்தோடு, "உங்களுக்குச் சிரமமா இல்லன்னா வாருங்க" என்றது. ஆனால் ரத்தம் ரத்தம்தான். மே மாதம் முடிவதற்குள் சீப்பை எடுத்துக்கொண்டு ஒருத்தி உட்கார, மற்றவள் முதுகைக் காட்டிக்கொண்டு வந்து உட்காருவது பழக்கமாயிற்று. 'நீங்க' போய் 'நீ' வந்தது. 'டெல்லி அம்மா'வில் இருந்த டெல்லியும் எப்போதோ உதிர்ந்துபோயிற்று.

வெயில் தாங்காமல் ஒரு நாள் எங்களோடு ஆபீஸுக்கு வந்து, ரேக் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து விளக்குகள் மினுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த விளக்கு யாருடையது என்று அக்கா காட்டிக்கொண்டே வந்தாள்.

"எல்லாரோடதும் இருக்கு. உன்னோடது எது?"

"எனக்கு வேண்டியதில்லைடா. நான் சமாளிச்சுக்குவேன்."

பெண் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஃபைலில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

மறுநாளே என் மகனை இழுத்துக்கொண்டு மோதி பாக்கில் இருக்கிற தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய், ஆபீஸ் அறையில் இருந்தவரிடம் எட்டாம் வகுப்பில் இடம் இருக்கிறதா என்று தானே விசாரித்துவிட்டு வந்துவிட்டாள் அந்தக் கெட்டிக்காரி. இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். "நான் இங்கேயே படிக்கறேம்மா. உன்கூட இருக்கேன்" என்றாள். அன்று சாயங்காலம் அக்கா என்னோடு காய்கறி வாங்க வந்தாள். அவள் தெருவின் நடுவில் நடந்து நான் பார்த்தது அன்று மட்டும்தான். பின்னால் வந்த சைக்கிள்காரன் மணி அடித்து, திட்டிவிட்டுச் சுற்றிக்கொண்டு போனான். அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எஸ்டிடி பூத்துக்குத் திருச்சிக்குப் பேசப் போனோம். நான்தான் கூடவே போனேன், வழியில் மனசு மாறிவிடக் கூடாது என்று. கண்ணாடிக் கூண்டுக்குள் அவள் பேசுவது அரைகுறையாக வெளியே கேட்டது. "அண்ணி, பாப்பா இங்கயே படிக்கணும்னு..." என்று ஆரம்பித்தாள். அப்புறம் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்தப் பக்கத்தில் அண்ணி மாட்டேன் என்று சொல்லவில்லை. ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையாம். அழுதிருக்கிறாள், அவ்வளவுதான்.

"இல்ல அண்ணி, அழாதீங்க. சும்மாதான் கேட்டேன். குழந்தை ஏதோ விளையாட்டுக்குச் சொல்லுது. ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள அனுப்பி வச்சுடறேன்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

வெளியே வந்ததும் எனக்கு வந்த கோபத்தில் பூத்துக்காரன் எழுந்து நின்றுவிட்டான். "அழட்டும்! நல்லா அழட்டும்! பெத்தவ நீங்க கேக்குதீய, வளத்தவ அழுதா அழுதுட்டுப் போறா. நாலு நாள்ல சரியாயிரும்!"

"அவங்களுக்கு வேற யாருடி இருக்கா?"

"உங்களுக்கு யாரு இருக்கா?"

அக்கா, போன் பேச வந்த ஒருவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். வீட்டுக்கு நடக்கும்போது, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல ஆரம்பித்தாள். "நம்ம ரேக்குலயே பாக்கறோம்ல. ரெண்டு சேரணும்னா பக்கத்துல ஒண்ணு காலியா இருந்துதான் ஆகணும். அங்க அவங்க மூணு பேரும் சேர்ந்து இருக்காங்க."

"டப்பாவையும் பிள்ளையையும் ஒண்ணாப் பேசாதீங்க. எனக்குக் கெட்ட கோவம் வரும்" என்றேன். 

ஸ்டேஷனில் அந்தப் பெண் அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அழைத்துப்போக வந்த அண்ணன், கையை ஆட்டச் சொன்னார். "போயிட்டு வரேன், டெல்லி அம்மா" என்றாள், மரியாதையாக.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் கழித்து, திருச்சிக் கிளைக்கு மாற்றல் அக்காவின் முறைக்கு வந்தது. நான் லட்டு வாங்கி எல்லோருக்கும் கொடுத்துவிட்டேன். அக்கா வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். அடுத்த முறையில் இருந்த சேலத்துக்காரனுக்குப் புதுசாகக் கல்யாணமாகியிருந்ததாம், பெண்டாட்டி ஊரில் தனியாகக் கஷ்டப்படுகிறாளாம். காரணம் அது மட்டுமில்லை என்று நான் குடைந்ததும் சொன்னாள். "ஒரே ஊர்ல நான் போய் இருந்தா அண்ணிக்கு உறுத்தலா இருக்கும்டி. பாப்பாவும் எந்தப் பக்கம்னு திண்டாடும்." எல்லோருடைய மனசிலும் என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒரே ஒருத்தியின் மனசைத் தவிர.

இரண்டாயிரத்துக்கு அப்புறம் புதுவகை ஸ்விட்சுகள் வந்தன. எந்த ஓட்டையில் வேண்டுமானாலும் அடுத்த டப்பாவைச் சேர்க்கலாம், பக்கத்தை விட வேண்டியதில்லை. கம்பெனி இன்ஜினியர் பையன் தலைதலையாக அடித்துக்கொண்டு சொன்னான். "அச்சா பையா, அச்சா" என்று தலையாட்டிவிட்டு, அவன் போனதும் அக்கா கடைசி ஓட்டைக்குப் பக்கத்து வயரைப் பிடுங்கிவிட்டாள். பிடுங்கியது இந்தத் தடவையும் தன்னுடையதைத்தான், அந்தப் பையன் அவளுக்கென்று செருகிவிட்டுப் போனதை.

"டப்பாவே திருந்திட்டு. நீங்க திருந்தல" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரிப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். அன்று பிடிக்கவில்லை.

நான் ஊர்ப்பக்கம் மாற்றலாகி வந்த பிறகு அக்கா இறந்துபோனதே எனக்குத் தாமதமாகத்தான் தெரியும். ஆஸ்பத்திரியில் இருந்ததை யாருக்கும் சொல்லக் கூடாது என்று சொல்லியிருந்தாளாம், லீவு போட்டுக்கொண்டு ஓடி வருவோம் என்று. கேட்டபோது எனக்கு முதலில் வந்தது அழுகையில்லை, ஆத்திரம்தான். அழுகை அப்புறம் வந்தது, இன்னும் அவ்வப்போது வருகிறது.

நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது அந்தப் பெண்ணின் கல்யாணத்தில். டெல்லியிலிருந்து இருவரும் ஒரே ரயிலில்தான் போனோம், அவள் மட்டும்தான் திரும்பினாள். திருச்சியில் மண்டபம் நிறைந்த கூட்டம். தாரை வார்த்துக் கொடுக்க அண்ணனும் அண்ணியும் பட்டு உடுத்தித் தயாராக இருந்தார்கள். கணவன் இல்லாத தாய் அந்த இடத்தில் உட்காருவதை யாரும் எதிர்பார்க்கவுமில்லை. அக்கா பின்னால் தூணோரம் நின்றிருந்தாள்.

கல்யாணப் பெண் மணமேடைக்கு வந்ததும் உட்காரவில்லை. "ஐயரே, என்னை எங்க டெல்லி அம்மா தாரை வார்த்துக் குடுக்கணும். செய்யலாமா, கூடாதா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள். நாதஸ்வரக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். ஐயர் நல்ல மனிதர். "பெத்த தாயார். தாராளமா உக்காரலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை" என்றார். மாப்பிள்ளை வீட்டாரும் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணிதான் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். இடத்தை விட்டுக்கொடுக்க எழுந்திருக்கவும் செய்தாள், பாவம்.

நான் அக்காவின் முதுகில் கை வைத்துத் தள்ளினேன். "போங்க. யக்கா, போங்க."

அவள் கண் அண்ணியின் முகத்திலேயே இருந்தது. "அண்ணியே செய்யட்டும். அவங்கதானே வளத்தாங்க. எனக்கு இங்க நின்னு பாத்தாலே போதும்" என்று நின்ற இடத்திலிருந்தே கைகூப்பினாள். கூட்டத்தில் யாரோ, எவ்வளவு பெரிய மனசு என்றார்கள்.

அந்தப் பெண் மேடையிலிருந்து என்னைப் பார்த்தாள். அக்காவைப் பார்க்கவில்லை, என்னைத்தான். "சித்தி, அவங்ககிட்ட சொல்லுங்க. எனக்காக, ஒரே ஒரு தடவை, யாரையாவது அழ விடச் சொல்லுங்க" என்றாள்.

மறுபடியும் தள்ளினேன். அக்கா அசையவில்லை. பெண் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு மணையில் உட்கார்ந்தாள். அண்ணனும் அண்ணியும் அவள் கையைப் பிடித்துக் கொடுத்தார்கள். மேளம் கொட்டியது. குனிந்த முகத்திலிருந்து கண்ணீர் வழிந்து, பட்டுப்புடவையில் சொட்டிக்கொண்டே இருந்தது.

"அழறா பாருங்க" என்றேன் அக்காவிடம்.

"ஹோமப் புகைடி. கண்ணுல அடிக்குது" என்றாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். ஓரமாக ஓடிக்கொண்டிருந்த பெரிய ஃபேனை இரண்டு கையாலும் பிடித்து, மணமேடைப் பக்கம் திருப்பினாள். அக்னி அலைந்தது. ஐயர் கையை ஆட்டி, நிறுத்துங்கோ நிறுத்துங்கோ என்றார். அக்கா பதறிப்போய் ஃபேனை நிறுத்தினாள். பெண்ணின் அழுகை நிற்கவில்லை.